லிக்விட் கூலர் ஃபேன் எதைப் பார்த்து ஓட வேண்டும், சிபியுவையா தண்ணீரையா?

தண்டையார்பேட்டை எடிட்டர்:
கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான். சிபியு ரைசன் 7 7700எக்ஸ், 240 எம்எம் ஏஐஓ கூலர் (பம்ப் சிபியு சூட்டைத் தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அங்கே ஃபேன் ஆற்றும்). ஒரே ரூம், அப்பா பக்கத்திலேயே படுத்திருப்பார். பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், ஃபேன் உய்ங்கென்று ஏறி உடனே இறங்கிவிடுகிறது. ரென்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போது ஒரே சீராக வரும் இரைச்சலில் அவர் நன்றாகத் தூங்குகிறார், இந்த ஏறி இறங்குகிற சத்தத்துக்குத்தான் திடுக்கிட்டு எழுகிறார். பயாஸில் (மதர்போர்டு செட்டிங்கில்) எதை மாற்றலாம்?

பெரம்பூர் லோகோ:
உங்கள் ஃபேன் சிபியு டெம்பரேச்சரைப் பார்த்து ஓடுகிறது, அதுதான் காரணம். சிபியு ஒரே நொடியில் 45லிருந்து 75க்குத் தாவும், அடுத்த நொடி இறங்கும். ஆனால் ஃபேன் காற்று படுவது ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர்மேல்தானே? அது அடுப்பில் ஏற்றிய அண்டா மாதிரி, பற்ற வைத்ததும் சுட்டுவிடாது, முழு லோடில்கூட நிமிஷக்கணக்கில்தான் ஏறும். அந்த ஒரு நொடிக்காக ஃபேன் 1800 ஆர்பிஎம் தொட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, சத்தம் மட்டும்தான் மிச்சம். வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். தண்ணீர் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார் இருந்தால் ஃபேன் கர்வை, அதாவது எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்கிற கணக்கை, அதற்கு மாற்றுங்கள்.

எண்ணூர் ஹைரோடு:
ஏசி ரூமுக்குச் சரி, நம்ம ஏரியாவுக்கு இது எடுபடாது ப்ரோ. மே மாசம் ஷீட் போட்ட வீட்டில் ரூமே 36 டிகிரி இருக்கும், தண்ணீர் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? 30 டிகிரியில் ஏற ஆரம்பிக்கிற கர்வை எங்கிருந்தாவது பார்த்துப் போட்டால் ஆன் செய்ததிலிருந்தே ஃபேன் அலறிக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், பம்ப் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? ரேடியேட்டரில் தண்ணீர் ஜில்லென்று நிற்கும், சென்சார் எல்லாம் நலம் என்று சொல்லும், அங்கே சிபியு சில நொடியில் 95 தொட்டிருக்கும். சிபியுவைப் பார்த்து ஓடினால் ஃபேன் அலறியாவது நமக்குத் தெரியும்.

பெரம்பூர் லோகோ:
பம்ப் நின்ற பிறகு ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சிபியு குளிராது அண்ணே, சூடு ரேடியேட்டருக்கு வந்தால்தானே காற்றுக்கு வேலை. 7700எக்ஸ் 95 டிகிரியில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். பம்ப் ஒயரை மதர்போர்டில் பம்புக்கென்று இருக்கிற ஹெடரில் மாட்டி முழு வேகத்தில் விடுங்கள், அதன் ஆர்பிஎம் குறைந்தால் எச்சரிக்கை வருகிற மாதிரி பயாஸில் வையுங்கள். அலாரம் வேலையை ஃபேனிடம் கொடுக்க வேண்டாம். வெயில் காலக் கணக்கு நீங்கள் சொன்னது நியாயம். அதனால்தான் ரூம் சூட்டிலிருந்து எண்ண வேண்டும்: ரூம் 36 என்றால் தண்ணீர் 42 வரை 800 ஆர்பிஎம், அங்கிருந்து மெதுவாக ஏறி 52ல் முழு வேகம். தண்ணீரை 60 தொட விடக்கூடாது.

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:
குறைந்த விலைக் கூலர் பலவற்றில் கூலன்ட் சென்சாரே கிடையாது, இரண்டு பேரும் அதை விட்டுவிட்டீர்கள். தம்பி, முதலில் ரேடியேட்டரைக் கழற்றிப் பாருங்கள். நம்ம பக்கத்திலிருந்து வருகிற மெஷினில் ஃபேனுக்கும் ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகளுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் படலம் உட்கார்ந்திருக்கும். லாரிப் புழுதியும் கடல் காற்றின் ஈரமும் சேர்ந்து பிசுபிசுவென்று கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும், புளோயர் அடித்தால்கூட அசையாது, பெயின்ட் பிரஷ்ஷை வைத்து ஃபின் மடங்காமல் ஒரே திசையில் இழுத்தால்தான் வரும். அதை எடுக்காமல் எந்த கர்வ் போட்டும் பயனில்லை.

சென்சார் இல்லையென்றால் பயாஸில் ஸ்டெப் அப் டைமை (ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கொள்கிற நேரத்தை) கூட்டுங்கள், போதாவிட்டால் ஃபேன் கன்ட்ரோல் என்கிற இலவச சாஃப்ட்வேரில் ரெஸ்பான்ஸ் டைமை இன்னும் நீட்டிவிடலாம். அப்புறம் சிபியு இழுக்கிற மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு 65 வாட் போடுங்கள், 65 என்பது பெயரில்தான். 142 வாட் இழுக்கிற சிபியு 88 வாட்டோடு நின்றுவிடும், ரென்டர் கொஞ்சம்தான் தாமதமாகும்.

எண்ணூர் ஹைரோடு:
ஈகோ மோடு சரி. ஆனால் சிபியுவைக் கணக்கிலிருந்தே தூக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே சாஃப்ட்வேரில் இரண்டு கர்வ் போட்டு எது அதிகமோ அதை எடுக்கச் சொல்லலாம். தண்ணீருக்கு ஒன்று, சிபியு 90 தாண்டினால் மட்டும் எழுகிற மாதிரி இன்னொன்று. டேப் திறக்கிற தாவலுக்கு 90 வராது, அவர் அப்பா தூக்கமும் கெடாது.

பெரம்பூர் லோகோ:
ஈகோ மோடில் 90 வருவதே அபூர்வம், அதனால் இரண்டாவது கர்வ் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அது தேவையில்லை.

தண்டையார்பேட்டை எடிட்டர்:
என் கூலரில் சென்சார் இல்லை. ஈகோ மோடு போட்டு ஸ்டெப் அப் டைமைக் கூட்டியதில் டேப் திறக்கும்போது ஃபேன் எகிறுவது நின்றுவிட்டது, ரேடியேட்டரை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன். இன்னொரு சந்தேகம், ஆன் செய்ததும் பம்ப் பக்கம் கொஞ்ச நேரம் களகளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. ரேடியேட்டர் கேஸின் முன்பக்கம் இருக்கிறது, பம்பைவிடத் தாழ்வாக.

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:
பம்ப் உயரத்தில் இருப்பதால் உள்ளே இருக்கிற காற்று அங்கே போய் நிற்கிறது. கழற்றுகிற அன்றைக்கே ரேடியேட்டரை மேலே மாட்டிவிடுங்கள், கேஸில் மேலே இடம் இல்லையென்றால் முன்பக்கமே ரேடியேட்டரின் தலை பம்பைத் தாண்டுகிற அளவுக்கு ஏற்றுங்கள்.