கணவர் பழைய பேட்டரி கடையில் வேலை, 3 வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஈயம் காரணமாக இருக்குமா?

ஈரோடு அம்மா:
வணக்கம். என் கணவர் பழைய பேட்டரிகளைப் பிரித்து விற்கும் கடையில் 4 வருடமாக வேலை செய்கிறார். மகனுக்கு 3 வயது முடியப்போகிறது, இன்னும் அம்மா, தா, வேணாம் என்று ஏழெட்டு வார்த்தைதான். கூப்பிட்டால் ஒரு நேரம் திரும்புவான், ஒரு நேரம் திரும்ப மாட்டான். சாயங்காலம் அப்பாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான், அவர் தூக்கியதும் சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்புவான். போன வாரம் அந்தச் சட்டையை ஊறவைத்த வாளியைக் கவிழ்த்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் நைசாக ஒரு பொடி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாமியார் "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்கிறார். கணவரிடம் பேச்சை எடுத்தாலே வேலையை விடச் சொல்கிறேன் என்று நினைத்துக் கோபப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
தங்கச்சி, பேச்சு வராததற்கு ஈயம்தான் காரணம் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது. காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஆட்டிசத்துக்கும் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் சொன்ன அந்த வாளிப் பொடிக்கு அப்புறம் பிளட் லெட் டெஸ்ட் (ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பது) எடுக்காமல் விடவே கூடாது. பெரியவர்கள் விழுங்கினால் உடம்பில் ஏறுவதைப் போல 4, 5 மடங்கு ஈயம் குழந்தைக்கு ஏறும், இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து மூளைவரை விட்டுவிடுகிறது. பார்வைக்குப் பிள்ளை நன்றாகத்தான் இருப்பான்.

ரத்தத்தைக் கையில் ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45ஐத் தொட்டால் ஈயத்தை இறக்க மருந்து. அதற்குக் கீழே மருந்து கேட்டு அலையாதீர்கள்: அமெரிக்காவில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வந்தது, மருந்தில் ஈய அளவு இறங்கியதே தவிர அறிவுத்திறனில் முன்னேற்றம் இல்லை. வரும் வழியை அடைப்பதுதான் வைத்தியம்.

ரிசல்ட் வரட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், காசு கிடையாது.

சேலம் அண்ணன்:
நான் இதே வேலையில் 11 வருடம் இருந்தவன். வேலையை விடச் சொல்ல மாட்டேன், விட்டால் அரிசிக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியும். எங்கள் முதலாளி தினமும் வாழைப்பழமும் வெல்லமும் கொடுத்து "இதுல ஈயம் இறங்கிடும்" என்பார், நாங்களும் நம்பினோம். என் மகளுக்கு 4 வயதில் பார்த்தபோது 23. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கவே மூன்றாம் வகுப்பு ஆகிவிட்டது, இப்போதும் கணக்கு என்றால் அழுவாள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதை அப்படியே காட்டுங்கள் தங்கச்சி. தம்பி, வேலைச் சட்டையும் செருப்பும் கடையோடு இருக்கட்டும். தலைக்குக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கு. துணியைத் தனி வாளியில் துவை, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதே. வீட்டைப் பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணி வைத்துத் துடைக்க வேண்டும். பேட்டரித் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து உருக்குகிற பழக்கம் சில பேருக்கு உண்டு, அது மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். நாங்கள் இவ்வளவுதான் செய்தோம், ஒன்றரை வருடத்தில் 23 என்பது 9 ஆனது.

மாயவரம் சமையல்:
குறுக்கே ஒரு சந்தேகம். நாங்கள் ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறோம், அதுவும் இதே ஈயமா?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
இல்லை அக்கா. சொம்பு வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம், இரண்டும் வேறு உலோகம். ஆனால் விலை மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம், புளித்தண்ணீரில் அது கரையும். எந்தக் கலவை என்று தெரியாவிட்டால் எடுத்து வையுங்கள். ஈரோடு அம்மா, உங்கள் வீட்டு ஜன்னல் பெயின்ட் பழையதா? வீட்டு பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது உரிந்து விழுந்தால் பிள்ளை வாயில் போடாமல் பாருங்கள்.

ஈரோடு அம்மா:
எல்லோருக்கும் நன்றி. சேலம் அண்ணன் எழுதியதைக் கணவரிடம் கொடுத்தேன், ஒன்றும் பேசவில்லை, இரண்டு தடவை படித்தார். நேற்று ஒரு பையில் பழைய லுங்கியும் சட்டையும் சோப்பும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் குளித்த தலையோடுதான் வந்தார், பிள்ளை காலரைச் சப்பினான், நான் தடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம், காதையும் பார்க்கச் சொல்லப்போகிறேன். அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லலாமா?

சேலம் அண்ணன்:
கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள்.