ராடாரில் தெரிகிறாய் என்றார்கள், உள்ளே போய்விட்டேன். என் தவறுதானா?

கிணற்றுத்தவளை172:

வணக்கம். தனி விமானி உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை பறந்தது 96 மணி நேரம். கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ விமான நிலையத்தில் வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172தான் நம் வாகனம். போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மூன்று இரவாகச் சரியான தூக்கம் இல்லை.

கோல்டன் கேட் பாலத்தை மேலிருந்து காட்டுவதாக, உரிமம் வாங்குவதற்கு முன்பே மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். டவர் அனுப்பிவைத்ததும், வட்டாரத்து விமானங்களை ராடாரில் பார்த்து வழிநடத்தும் அப்ரோச்சை அழைத்தேன். நான் யார், எங்கே இருக்கிறேன், 101 நெடுஞ்சாலையை ஒட்டி வடக்கே பாலம் வரை போக வேண்டும், பிளைட் ஃபாலோயிங் என்னும் ராடார் உதவி வேண்டும் என்றேன். ராடாருக்கு என்னை அடையாளம் காட்டும் கருவியான டிரான்ஸ்பாண்டருக்கு நாலு இலக்க எண் கொடுத்தார்கள். போட்டேன். "ராடார் கான்டாக்ட்" என்றார்கள். அப்பாடா என்று இருந்தது.

ஆரக்கிளின் கண்ணாடி உருளைக் கட்டடங்கள் இறக்கைக்குக் கீழே நழுவின. சான் கார்லோஸ் பின்னால் போயிற்று. மனைவி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வானொலியில் பெரிய விமானங்களுக்கு இடைவிடாமல் பேச்சு. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, வேண்டுமானால் சொல்வார்கள் என்று நேரே போனேன்.

சொன்னார்கள். என் விமானத்தின் எண்ணை அழைத்து, "பிராவோவுக்குள் வர அனுமதி வாங்கினாயா?" என்று ஒரு கேள்வி. பிராவோ என்றால் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி. அடுத்த மூச்சில் உடனே தெற்கே திரும்பு என்று ஒரு திசை. திரும்பி முடித்ததும் "விமானி விதிமீறல் இருக்கலாம், எழுதிக்கொள்" என்று ஒரு தொலைபேசி எண். தொடையில் கட்டியிருந்த தாளில் எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் இருக்கும் 7, 1 போல இருக்கிறது. கை அப்படி ஆடியிருக்கிறது.

என் கேள்வி இதுதான். சான் ஹோசே பக்கம் நூறு முறை பறந்திருக்கிறேன். அங்கே கட்டுப்பாட்டாளர் என் விமான எண்ணைச் சொல்லிப் பதில் சொன்னாலே உள்ளே போகலாம், தனியாக யாரும் அனுமதி தந்ததில்லை. இங்கேயும் பேசிக்கொண்டுதானே இருந்தேன்? எண் கொடுத்தார்கள், ராடாரில் தெரிகிறாய் என்றார்கள். இன்னும் என்ன வேண்டும்? அந்தத் தொலைபேசி எண்ணை அழைத்தால் உரிமம் போய்விடுமா?

வைகைக்கரையான்:

தம்பி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இருபது வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன். இதே பள்ளத்தில் விழுந்த மாணவர்களை எண்ணக் கை விரல் போதாது.

தவறு உங்களுடையதுதான். ஆனால் ஏன் அந்தத் தவறு நடந்தது என்பதும் எனக்குத் தெரிகிறது. சான் ஹோசே விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளி வகுப்பு சி. சி, டி இரண்டிலும் அமெரிக்க விதி கேட்பது இருவழிப் பேச்சு மட்டும். கட்டுப்பாட்டாளர் உங்கள் எண்ணைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" (காத்திரு) என்றாலும் பேச்சு ஏற்பட்டுவிட்டது, உள்ளே போகலாம். எண்ணைச் சொல்லாமல் "அழைக்கும் விமானம், ஸ்டாண்ட்பை" என்றால் ஏற்படவில்லை, வெளியே நிற்க வேண்டும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த காது, பேச்சையும் அனுமதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்.

சான் பிரான்சிஸ்கோ வகுப்பு பி, வானொலியில் பிராவோ என்பது அதைத்தான். கோயில் கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படி இருக்கும்? தரையில் குறுகல், மேலே போகப்போக ஒவ்வொரு நிலையும் அகலம், உச்சி 10,000 அடியில். அதன் எந்த நிலைக்குள் நுழைந்தாலும் "கிளியர்ட் இன்டு தி பிராவோ" என்ற சொல் உங்கள் எண்ணோடு சேர்ந்து காதில் விழுந்திருக்க வேண்டும். ராடார் கான்டாக்ட் என்றால் உன்னைத் திரையில் அடையாளம் கண்டுகொண்டேன் என்று பொருள், அவ்வளவுதான். வாசலில் நிற்பவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டதால் கதவு திறந்துவிட்டதாக ஆகாது. பிளைட் ஃபாலோயிங் என்பதும், அவருக்கு நேரம் இருந்தால் பக்கத்து விமானங்களைப் பற்றிச் சொல்லும் உதவிதான். எல்லைக் கோட்டைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

இன்னொன்று. கட்டுப்பாட்டாளரே ஒரு திசை கொடுத்து, அது உங்களை நேராக பிராவோவுக்குள் கொண்டுபோகிறது என்றாலும் அந்தச் சொல் வராவிட்டால் கேளுங்கள். மூன்று நொடி வேலை. வானொலியில் பேச்சு நெருக்கமாக இருந்து இடையில் புகுந்து பேச முடியவில்லை என்றால் எல்லைக்கு வெளியே ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதற்காக யாரும் கோபித்து நான் கேட்டதில்லை.

இது வெறும் சொல்விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸ் மேலே, அனுமதி இல்லாமல் இந்தமாதிரி வான்வெளிக்குள் போய்விட்ட ஒரு சிறிய பைப்பர் விமானமும் ஏரோமெக்சிகோவின் டிசி-9 பயணிகள் விமானமும் மோதிக்கொண்டன. டிசி-9இல் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் 15 பேர் இறந்தார்கள். பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தை அனுப்பும் வகையும் இல்லை. இன்று நீங்களும் நானும் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்க முடியாததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

தொலைபேசி விஷயம். இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில் நடந்ததை எழுதி அனுப்புங்கள். நடந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வேண்டுமென்று செய்யாத தவறு, முந்தைய 5 வருடத்தில் வேறு மீறல் இல்லை என்றால், மீறல் நடந்ததாக முடிவு செய்தாலும் பொதுவாக அபராதமோ உரிம இடைநிறுத்தமோ போடமாட்டார்கள். பெயர் இருக்கும் துண்டைக் கிழித்து, வந்து சேர்ந்த நேர முத்திரை குத்தி உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். பிறகு எண்ணை அழையுங்கள்.

லூட்டன்வாசி:

நான் பிரிட்டனில் பறக்கிறேன். இங்கே வகுப்பு டி-க்குக்கூட வாய்விட்டு அனுமதி தர வேண்டும். லூட்டன் விமான நிலையத்தைச் சுற்றி இருப்பது டி. பேசிக் சர்வீஸ் என்னும் தகவல் உதவி மட்டும் வாங்கிப் பேசிக்கொண்டே உள்ளே போய் மாட்டிக்கொள்பவர்கள் இங்கேயும் உண்டு. அமெரிக்காவில் உரிமம் வாங்கிவிட்டு இங்கே வந்து பறக்கிறவர்கள் "என் எண்ணைச் சொன்னார்களே" என்று அதே உங்கள் வசனத்தைப் பேசுவார்கள். சர்வதேச வகைப்படுத்தலில் பி, சி, டி மூன்றுக்குமே அனுமதி தேவை. சி, டி-யில் பேச்சு மட்டும் போதும் என்பது அமெரிக்கா செய்துகொண்ட சலுகை. வெளிநாட்டில் விமானம் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் மறந்துவிடாதீர்கள்.

மேகத்துள்மணி:

ஒரு சின்னச் சேர்க்கை. கருவி விதிகளின்படி, அதாவது மேகத்துக்குள்ளும் கருவிகளை நம்பிப் பறக்கும்போது, "கிளியர்ட் இன்டு தி பிராவோ" என்ற அந்தச் சொல்லை எனக்குச் சொல்வதே இல்லை, வழித்தட அனுமதியிலேயே அடங்கிவிடுகிறது. அதனால்தான் கருவி உரிமம் வைத்திருக்கும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் பார்வை விதிப்படி கிளம்பும்போது இதில் இன்னும் மோசமாகச் சறுக்குகிறோம். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

கிணற்றுத்தவளை172:

அண்ணா, நன்றி. அறிக்கையை அன்றிரவே அனுப்பிவிட்டேன். எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது: "பிராவோ வழியாகப் போக வேண்டும்" என்று நான் கேட்கவே இல்லை. பாலம் வரை போக வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கேட்காததை யார் கொடுப்பார்கள்?

நேற்றுத் தொலைபேசியில் அழைத்தேன். 7-ஐ 1 என்று படித்ததால் முதலில் ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிற்று. இரண்டாம் முறை சரியான இடம். பேசியவர் நான் பயந்ததுபோல் இல்லை. நடந்ததை முழுக்கக் கேட்டார். என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே ஒப்பித்தேன். மேற்கொண்டு வேறொரு அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள், பெரும்பாலும் ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் படிக்கச் சொல்வார்கள் என்றார்.

வைகைக்கரையான்:

நல்லது. கேட்கும்போது "பிராவோ டிரான்சிஷன்" (பிராவோ வழியாகக் கடந்து போவது) என்ற வார்த்தையைச் சேர்த்துக் கேளுங்கள், எந்த வழி, எந்த உயரம் என்பதோடு. முடியாது என்று சொன்னால் மனம் சுருங்க வேண்டாம். விரிகுடாவின் கிழக்கே ஓக்லாந்து பக்கமாகப் போக வழி கேட்கலாம். அது சி. அவர்கள் உங்கள் எண்ணைச் சொல்லிப் பதில் சொன்னால் போதும்.

கிணற்றுத்தவளை172:

ஆசிரியரோடு வரும் ஞாயிறு பறக்கிறேன். மனைவி பின் இருக்கையில். "கிளியர்ட்" என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் என் தோளைத் தட்டுவாளாம், தட்டாவிட்டால் ஆரக்கிள் கட்டடத்தையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமாம். தாளில் தேதிக்கு மேலே பெரிதாக ஒரு காலிப் பெட்டி வரைந்து வைத்திருக்கிறேன், அந்தச் சொல் வந்ததும் டிக் போட. 7-க்கு நடுவில் கோடு போடவும் பழகிக்கொண்டிருக்கிறேன்.