பாலைவன ட்ரெயில்ல எதிர்ப்பட்ட ஆள், இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் – உங்களுக்கு இருக்கா?

சாண்ட்லர்வாசி:
கிராண்ட் கேன்யன், சவுத் கைபாப். அந்த ட்ரெயில்ல சொட்டுத் தண்ணி கிடையாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. ஜூன் மாசம், நாங்க விடியறதுக்கு முன்னாடியே இறங்கிட்டு திரும்ப ஏறிட்டு இருக்கோம், மணி பத்து தாண்டிருச்சு, சீடர் ரிட்ஜுக்குக் கொஞ்சம் மேல ஒரு அப்பாவும் பையனும் இறங்கி வராங்க. பையனுக்கு ஏழெட்டு வயசு இருக்கும், கழுத்துல ஸ்கூல் வாட்டர் பாட்டில். அப்பா கையில ஒண்ணுமே இல்ல. கீழ கேம்ப் வரைக்கும் 7 மைல், 4,700 அடிக்கு மேல இறக்கம், அவ்வளவையும் திரும்ப ஏறணும்னு சொன்னேன். "கொஞ்ச தூரம்தான் போறோம்"னார். அந்தப் பையன் பாட்டிலைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்த்தான், அடியில கொஞ்சூண்டு சலசலன்னுச்சு. எங்ககிட்ட இருந்த ஒரு லிட்டரைக் கொடுத்தோம். வாங்கிக்கிட்டு கீழயே இறங்கிப் போனாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல.

மணற்பாறை:
எனக்கு பக்ஸ்கின் கல்ச், யூட்டா-அரிசோனா பார்டர், ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவுல போற குறுகலான பள்ளத்தாக்கு. வயர் பாஸ்ங்கற வழியா உள்ள போயிட்டு மத்தியானம் வெளிய வரோம், மான்சூன் சீசன், தூரத்துல கருமேகம் திரளுதுன்னுதான் சீக்கிரமே திரும்பினோம். வாய்க்கிட்ட ரெண்டு பசங்க உள்ள போறாங்க. போகாதீங்க தம்பின்னு சொன்னா ஒருத்தன் அண்ணாந்து, சுவருக்கு நடுவுல தெரியுற அந்த வானக் கீற்றைக் காட்டுறான், நீலமாத்தானே இருக்குன்னு. அவன் தலைக்கு மேல எட்டாத உசரத்துல ஒரு முழு மரக்கட்டை ரெண்டு பாறைக்கும் குறுக்கால செருகிக் கிடக்கு. வெள்ளம் கொண்டுவந்து வச்சது. அதைக் காட்டினப்புறம்தான் அவன் முகம் மாறுச்சு. 1997 ஆகஸ்ட்ல இதே மாதிரி குறுகலான ஆன்டலோப் கேன்யன்ல 11 பேர் வெள்ளத்துல செத்துப் போனாங்களே, அங்கயும் மழை பெஞ்சது மைல் கணக்குல தள்ளித்தான்.

டூசான்காரி:
சாண்ட்லர்வாசி அண்ணா, நீங்க கொடுத்தது நல்ல காரியம், ஆனா தண்ணி தண்ணின்னு மட்டும் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி. அதே கிராண்ட் கேன்யன்ல பிரைட் ஏஞ்சல் ட்ரெயில்ல நான் பார்த்த அம்மா வழியில இருக்கற குழாய்ல எல்லாம் பிடிச்சுப் பிடிச்சுக் குடிச்சிருக்காங்க, ஆனா வாந்தி, தலைவலி, பேச்சு குழறுது. ரேஞ்சர் வந்து கேட்ட முதல் கேள்வி "என்ன சாப்பிட்டீங்க?" காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல. வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், ஹைப்போநட்ரீமியா, இதுவும் உயிரை எடுக்கும். அதனால உப்பு பிஸ்கட், கடலை, ஊறுகாய் சாதம் எதுவானாலும் சரி, நடக்க நடக்க சாப்பிடுங்க. காலைல 10லேர்ந்து சாயங்காலம் 4 வரைக்கும் வெயில்ல ஏறாதீங்க, நிழல் கிடைச்சா உக்காந்துடுங்க. கேன்யன் அடிவாரத்துல மேல இருக்கறதை விட 10 டிகிரி செல்சியஸுக்கு மேலயே கூட இருக்கும். ட்ரெயில் பேரு, திரும்பற நேரம் ரெண்டையும் வீட்ல யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போனா சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்பற சாட்டிலைட் மெசஞ்சர் வாங்கிடுங்க, காசு பார்க்காதீங்க. சோயா (cholla) கள்ளி முள்ளு குத்தினா கையால பிடுங்காதீங்க, சீப்பு வச்சு எடுங்க.

சாண்ட்லர்வாசி:
உப்பு சரிதான்மா, நான் மறுக்கல. ஆனா குழாயே இல்லாத ட்ரெயிலைப் பத்திப் பேசிட்டு இருக்கேன், ரெண்டும் ஒண்ணு இல்ல.

மேசா_நடையன்:
சண்டை வேண்டாம். அரிசோனா சூப்பர்ஸ்டிஷன்ஸ் மலைல பெரால்டா ட்ரெயில், ஃப்ரீமாண்ட் சேடில் தாண்டி நாங்க திரும்பறப்போ நல்லா இருட்டிருச்சு, வீவர்ஸ் நீடில்ங்கற பெரிய ஊசிப் பாறை கூட தெரியல. எதிர்ல ஒரு வயசான தம்பதி, ஃபோன் லைட்டை வச்சு நடந்து வராங்க. பார்க்கிங் எந்தப் பக்கம்னு அந்தம்மா கேட்டுட்டு இருக்கும்போதே ஃபோன் செத்துருச்சு. அவங்க நடந்துட்டு இருந்தது பார்க்கிங்குக்கு நேர் எதிர் திசை. கூட்டிட்டு இறங்கினோம், வழி முழுக்க அந்தம்மா என் பேக் ஸ்ட்ராப்பை விடவே இல்ல. சாட்டிலைட் எல்லாம் அப்புறம் பார்ப்போம், முதல்ல ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப் வாங்குங்க, பகல் ஹைக்கா இருந்தாலும்.