மாதம் முன்னே, நாள் பின்னே: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் குடியேறிய முதல் சில மாதங்களில் மைல், பவுண்டு, கேலன், ஃபாரன்ஹீட் என்று எல்லாம் சேர்ந்து மலைக்க வைக்கும். ஆனால் என் அனுபவத்தில் அளவுகளைவிடத் தேதிதான் அதிகச் சிக்கலைத் தருகிறது. அளவு மாறிப்போனால் எங்காவது இடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். வெளியே 85 டிகிரி என்றால் அது செல்சியஸாக இருக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். தேதி அப்படியல்ல. 25/08 என்று எழுதினால், இருபத்தைந்தாம் மாதம் என ஒன்று இல்லாததால், படிப்பவர் நின்று யோசிப்பார். 02/08 என்று எழுதினால், நாம் ஆகஸ்ட் 2 என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் பிப்ரவரி 8 என்று படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எங்கள் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது இதுவே நடந்தது. அவள் பிறந்தது 2018 ஏப்ரல் 10, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி போட்டது 2019 ஆகஸ்ட் 2. சென்னை மருத்துவர் அட்டையில் 02/08/2019 என்று எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார். பள்ளிச் செவிலியர் அதைப் பிப்ரவரி 8 என்று கணினியில் ஏற்றிவிட்டார். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட எம்.எம்.ஆர். ஊசியை இங்கே பள்ளிச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதால், மறுபடியும் போட்டுக்கொண்டு வரச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் போய், அதே பக்கத்தில் ஆறாவது வாரத்து ஊசிக்கு நேராக 22/05/2018 என்று இருந்ததை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் பிறந்து வளர்ந்த ஊரில் தேதியை அப்படித்தான் படிப்பார்கள்.

ஆகவே, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தடுப்பூசி விவரங்களை மாதத்தின் பெயரோடு ஒரு தாளில் தட்டச்சு செய்து, மருத்துவரின் கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள படிவங்களில் கட்டம் போட்டிருந்தால் மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையிலேயே நிரப்புங்கள். கட்டம் இல்லாத இடத்தில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அமெரிக்க விசாவிலேயே மாதத்தை மூன்று எழுத்தாகத்தான் அச்சிடுகிறார்கள். கணினிக் கோப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தர முறையில், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2019-08-02 என்று பெயரிட்டால் குழப்பமும் வராது, கோப்புகளும் தாமாகவே கால வரிசையில் நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது மட்டும் மறக்காமல் நாள், மாதம், ஆண்டு என்ற பழைய வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இனி அளவுகள். அமெரிக்க நாடாளுமன்றம் 1975-இல் மெட்ரிக் முறைக்கு மாறுவதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது; ஆனால் மாறுவதும் மாறாததும் அவரவர் விருப்பம் என்று விட்டதால் சாலையும் சமையலறையும் பழையபடியே இருக்கின்றன. உயரத்தை அடியிலும், வீட்டைச் சதுர அடியிலும், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டிலும் சொல்லிப் பழகிய நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். குழந்தைக்கு 100.4 டிகிரி என்றால் காய்ச்சல் என்று மருத்துவர் சொல்வது 38 செல்சியஸைத்தான். வானிலைக்கு, செல்சியஸை இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டினால் தோராயமாகச் சரியாக இருக்கும்.

எடையில் மட்டும் கவனம் தேவை. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துப் புட்டியில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் எடைக்கு ஏற்பப் பவுண்டில் அச்சிட்டிருப்பார்கள். 15 கிலோ குழந்தையின் எடை 33 பவுண்டு. பவுண்டைக் கிலோவாகவோ கிலோவைப் பவுண்டாகவோ எடுத்துக்கொண்டால் மருந்தின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் பிசகிவிடும். ஆகையால் எண்ணை மட்டும் சொல்லாமல் கிலோவா பவுண்டா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மருந்தைச் சமையல் கரண்டியில் ஊற்றாமல், புட்டியோடு வரும் மில்லிலிட்டர் சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள்.

அவுன்ஸிலும் இரண்டு வகை உண்டு: எடைக்கான அவுன்ஸ் 28 கிராம், திரவத்துக்கான அவுன்ஸ் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். அமெரிக்க கப் 240 மில்லிலிட்டர் பிடிக்கும். ரைஸ் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மட்டுமே. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை மற்றொன்றிலும் அளந்து, ஒரு வாரம் முழுக்கக் குழைந்த சோறு சாப்பிட்ட வீடு எங்களுடையது. நாலுக்கு ஒன்று என்று அரைக்கும் இட்லி மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே கப்பாக இருந்தால் போதும்.