கை கட்டியிருந்தால் கோபமா? வேலையிடத்து உடல்மொழி – அனுபவப் பகிர்வு

இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: ‘கை கட்டினால் மறுப்பு, மூக்கைத் தொட்டால் பொய்’ என்ற பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். ஏசி குளிருக்கும் கை கட்டுவார்கள், நாற்காலிக்குக் கைப்பிடி இல்லாவிட்டாலும் கட்டுவார்கள். பார்க்க வேண்டியது, எதிரில் இருப்பவர் தன் வழக்கத்திலிருந்து எங்கே மாறுகிறார் என்பதைத்தான். முதல் ஐந்து நிமிடம் யோசிக்கத் தேவையில்லாத கேள்விகளாகக் கேளுங்கள். அவருடைய பேச்சு வேகம், கை இருக்கும் இடம், கண் போகும் திசை எல்லாம் பிடிபடும். பிறகு ‘பழைய வேலையை ஏன் விட்டீர்கள்’ என்றதும் அசைந்துகொண்டிருந்த கை நின்று, குரலும் இறங்கினால், அங்கே இன்னொரு கேள்வி கேட்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பொய் என்று குறிப்பெழுதிவிடாதீர்கள். உளவியலாளர்கள் பாண்டும் டிபாலோவும் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும்.

கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று மதிப்பெண் குறைப்பதையும் நிறுத்தலாம். ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குக் கண்ணைப் பார்த்தால் பேச்சு தடைபடும்.

—

‘நாம் சொல்வதில் 93 சதவீதம் சொல்லால் அல்ல, குரலாலும் உடல்மொழியாலும்தான் போய்ச் சேர்கிறது’ என்ற கதையையும் தூக்கிப் போட வேண்டியவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் விடவே மாட்டேன் என்கிறார்கள். அந்த எண்ணுக்கு மூலமான உளவியலாளர் மெஹ்ராபியன் 1967-இல் சோதித்தது ஒற்றைச் சொற்களை. குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி. விருப்பு வெறுப்பு பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே சொல்லிவிட்டார். பட்ஜெட் விளக்கத்தில் எண் தப்பாக இருந்தால் எந்த முகபாவமும் காப்பாற்றாது.

—

மீட்டிங் நடத்துபவர்களுக்கு உண்மையில் பயன்படுவது, யார் பேச வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது. வாய் லேசாகத் திறந்து மூச்சு உள்ளே போகும். மேசையில் கிடந்த கை மேலே வரும். உடம்பு முன்னால் சாயும். இது வந்த வேகத்தில் போய்விடும். ஏனென்றால் ஒருவர் கேள்வியைக் கேட்டு முடித்து இன்னொருவர் பதிலை ஆரம்பிக்கும் இடைவெளி மிகச் சிறியது. 2009-இல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில் சராசரி ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட்தான். குரல் பெரிதாக உள்ளவர் அதற்குள் புகுந்துவிடுவார். மற்றவர் மூச்சை விட்டுவிட்டுப் பின்னால் சாய்வார். அந்தப் பின்சாய்வை ‘ஆர்வமில்லை’ என்று படிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

இதைச் சரிசெய்யப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுகூட இல்லை. நீண்ட வாக்கியம் பேசுபவர் தொடக்கத்தில் பார்வையை விலக்கி, முடிக்கும்போது கேட்பவரிடம் திருப்புவார் என்று உரையாடலை ஆராய்ந்த கெண்டன் 1967-இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே வாக்கியத்தை முடிக்கும்போது யாரைப் பார்க்கிறீர்களோ, பேச்சு பெரும்பாலும் அவரிடம் போகும். பலரும் பழக்கத்தில் மேனேஜரைப் பார்த்தே முடிக்கிறார்கள். அதிகம் பேசாதவரைப் பார்த்து முடித்து, இரண்டு மூன்று நொடி சும்மா இருங்கள். அதற்கு அவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் மூச்சு உங்கள் கண்ணில் படாது.

—

வீடியோ காலில் மேலே சொன்னது பாதிதான் வேலை செய்யும். எல்லோரும் எல்லோரையும் பார்ப்பதுபோலவே தெரிவதால் பார்வைக்குத் திசை கிடையாது. அங்கே பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப்பை மேசையில் அப்படியே வைத்தால் கீழே குனிந்து பேசுவதுபோல் விழும். பேசுபவரின் முகம் தெரியும் சதுரத்தைத் திரையில் இழுத்துக் கேமராவுக்கு நேர் கீழே வையுங்கள். நெஞ்சு வரை தெரியும் தூரத்தில் உட்கார்ந்தால் கையும் கேமரா படத்துக்குள் வரும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் பெரிதாகக் கெடாது என்கிறது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் தாமதமாக வரும் தலையசைப்பு தயக்கம்போலத் தெரியும். ஆளைக் குறை சொல்வதற்கு முன் இணைப்பைப் பாருங்கள்.

—

ஆபீஸில் ஜாடை தப்பானால் மனஸ்தாபம். கிரேன் அடியில் தப்பானால் உயிர். அதனால் இங்கே ஊகத்துக்கு இடமே கிடையாது. பரவலாக உள்ள முறைப்படி, முன்கையை நிமிர்த்தி ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டம் போட்டால் தூக்கு. கையைத் தாழ்த்தி விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க முன்னும் பின்னும் வீசினால் நிறுத்து. இரண்டு கையாலும் வீசினால் அவசர நிறுத்தம். நாட்டுக்கு நாடு, சைட்டுக்கு சைட் சைகை மாறும். அதனால் தூக்குவதற்கு முன் கிரேன் ஆபரேட்டரும், கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்மேனும் எல்லாச் சைகையையும் ஒருமுறை செய்து காட்டிக்கொள்ள வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்: ‘போதும், போதும்’ என்று பழக்கத்தில் விரலை ஆட்டுவது, சட்டை நிறத்திலேயே கையுறை போடுவது, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிக்னல் கொடுப்பது. சிக்னல் ஒருவர்தான் கொடுக்க வேண்டும். நிறுத்து மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும். சிக்னல்மேன் பார்வையிலிருந்து மறைந்தாலும் லோடு அங்கேயே நிற்கும்.