10 ஆம்பியர் ரிலே 1 ஆம்பியர் சுமையில் ஒட்டிக்கொள்வது ஏன்?

பீன்யா பராமரிப்பு:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் தகட்டு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் மின்பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் பேனலில் பிஎல்சிக்கும் (எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) வெளிச் சுமைகளுக்கும் இடையே 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சிறிய ரிலேக்கள் (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் மூடும் சுவிட்சுகள்) உள்ளன. சுமை தூக்கும் ஹாய்ஸ்ட்டின் 110 வோல்ட் டிசி பிரேக் காயிலை இயக்கும் ரிலே அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. காயில் எடுப்பதோ ஏறத்தாழ 1 ஆம்பியர்தான். இன்னொரு ரிலேயின் 230 வோல்ட் ஏசி காயிலுக்குச் சுமார் 200 மீட்டர் தொலைவிலுள்ள லிமிட் சுவிட்ச் (நகரும் பாகம் எல்லையைத் தொட்டால் இயங்குவது) வழியாக மின்சாரம் வருகிறது. சுவிட்ச் திறந்தபின்னும் அது விடுவதில்லை. பக்கத்திலேயே ஸ்பாட் வெல்டிங் எந்திரங்கள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் 16 ஆம்பியர் ரிலேக்களாக மாற்றிவிடலாமா?

பேனல்காரர்:
மாற்றினால் செலவுதான் மிஞ்சும். உடலில் அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர் என்பது 250 வோல்ட் ஏசியில் ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடப்பதால் காண்டாக்ட் (ரிலேயின் தொடுமுனை) திறக்கும்போது எழும் ஆர்க், அதாவது தீப்பொறி வில், தானே அணைந்துவிடும். டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. அதனால்தான் 30 வோல்ட் டிசியில் 10 ஆம்பியரைத் துண்டிக்கும் அதே ரிலே, 110 வோல்ட் டிசியில் அரை ஆம்பியரைக்கூடத் தாங்காமல் போகிறது. காயில் சுமை என்றால் நிலைமை இன்னும் மோசம். கழற்றிய ரிலேயின் மூடியைத் திறந்து பாருங்கள்: ஒரு காண்டாக்ட்டில் குழியும் எதிரிலுள்ளதில் முள் போன்ற மேடும் இருந்தால், அது டிசி ஆர்க் உலோகத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோனதன் அடையாளம்.

கேட்டலாகில் டிசி-13 என்ற வரியைப் பார்த்து வாங்குங்கள். ஐஇசி 60947-5-1 என்ற சர்வதேசத் தரம் டிசி மின்காந்தச் சுமைகளுக்கு வகுத்த பிரிவு அது. ஏசி காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்துக்கான ரிலே போன்றது) காயில்களுக்கு ஏசி-15 வரி. உங்கள் பிரேக்குக்கு, ஆர்க்கை விரட்டும் காந்தம் வைத்த டிசி ரிலேயோ, முனைகளைத் தொடராக இணைத்த சிறு காண்டாக்டரோ பொருந்தும். துண்டிக்கும்போது காயிலில் எழும் மின்னழுத்தத்தை அடக்க, அதற்குக் குறுக்கே டையோடு போடச் சிலர் சொல்வார்கள். ஹாய்ஸ்ட்டில் அதைச் செய்யாதீர்கள். காயிலின் மின்னோட்டம் மெதுவாகத் தணிவதால் பிரேக் பிடிக்கத் தாமதமாகி, சுமை சறுக்கும். அதற்கு வேரிஸ்டர் (மிகை மின்னழுத்தத்தை மட்டும் கடத்திவிடும் பாகம்) போதும்.

கருவியியல் ஆள்:
இரண்டாவது ரிலே ஒட்டவில்லை என்றே நினைக்கிறேன். சுவிட்ச் திறந்தபின், காயிலுக்கு மின்சாரம் வருவதைக் காட்டும் அதன் எல்இடி மங்கலாகவாவது எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், கேபிளின் இரு கம்பிகளுக்கிடையே உள்ள கொள்ளளவு வழியாக மின்னோட்டம் கசிகிறது. 200 மீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர் வரை வரலாம். ஒல்லியான ரிலேயின் காயில் எடுப்பதே சில மில்லி ஆம்பியர்தான். ஏசி காயிலின் மின்னழுத்தம் அதில் குறித்த மதிப்பின் 15 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 34.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் ரிலே உறுதியாக விடும். இந்தக் கசிவைக் காயிலுக்குப் பக்கவாட்டில் வடித்துவிடும், சாக்கெட்டில் செருகும் மாட்யூல் கிடைக்கிறது; ஆனால் அந்தச் சுற்றை 24 வோல்ட் டிசிக்கு மாற்றுவதே என் தேர்வு.

பேனல்காரர்:
ஒப்புக்கொள்கிறேன். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ரிலேயின் முனை பிஎல்சி உள்ளீட்டுக்குச் சில மில்லி ஆம்பியர் மட்டுமே கொடுப்பதாக இருந்தால் தங்கப் பூச்சுள்ள காண்டாக்ட் வேண்டும். அதே ரிலேயை ஒருமுறை 230 வோல்ட் சுமைக்குப் பயன்படுத்தினாலும் பூச்சு எரிந்துபோகும்; ஆகவே ஸ்டோரில் தனிப் பெட்டியில் வையுங்கள்.

பீன்யா பராமரிப்பு:
நன்றி, ஐயா. எல்இடி மங்கலாக எரியத்தான் செய்கிறது. பிரேக் ரிலேயில் எல்இடி அணைந்த பிறகும் முனை மூடியே இருந்தது. அந்த ரிலே மாறும்வரை ஹாய்ஸ்ட்டை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன்.