உலகமயமாதலை இயக்குவது கொள்கையா, கப்பல் பெட்டியா? உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் கற்பிக்கிறேன். உலகமயமாதல் பாடத்தில் 1991 தாராளமயக் கொள்கையையும், 1995இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கப்பட்டதையும் சொல்லி முடித்துவிடுவதே என் வழக்கம்.

சென்ற வாரம், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தாயின் மகள் ஒருத்தி, "அம்மா பிசிறு வெட்டி அனுப்பும் சட்டையை அவ்வளவு தூரம் கொண்டுபோயும் எப்படி சார் கட்டுப்படியாகிறது?" என்று கேட்டாள். பாடநூலில் இதற்கு விடை இல்லை.

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி சரக்கு அடைத்த 58 பெரிய உலோகப் பெட்டிகளை (கன்டெய்னர்களை) ஒரே கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதில் தொடங்கிய கன்டெய்னர் முறை, மூட்டை மூட்டையாகச் சரக்கேற்றும் கூலியையும் கப்பல் துறைமுகத்தில் காத்துக்கிடக்கும் நாட்களையும் வெகுவாகக் குறைத்ததே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆனால் பணக்கார நாடுகள் ஜவுளி இறக்குமதிக்கு விதித்திருந்த கோட்டா முறை (இவ்வளவுதான் வரலாம் என்ற அளவு வரம்பு) 2005 ஜனவரி 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது. பெட்டி மலிவானாலும் கதவு திறக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கோட்டா காலத்தில் ஏற்றுமதி ஆவணங்களைக் கையாண்டவர்கள், அன்று ஓர் ஆர்டர் தூத்துக்குடி வழியாக வெளிநாடு சென்ற விதத்தைப் படிப்படியாக எழுத இயலுமா? பழைய சரக்குக் கட்டண ரசீதுகளின் படங்கள், நிறுவனப் பெயரை மறைத்தாவது, கிடைத்தால் வகுப்பில் காட்டுவேன்.